வலசைப் பருந்துக் கணக்கு: சொல்வதும் சொல்லாததும்

"ஒரே நாளில் ஒரு லட்சம் பருந்துகள் கடந்து சென்றன" என்று இலையுதிர் காலத்தில் ஒரு செய்தி கண்ணில் படும். கூடவே வானம் முழுக்கக் கரும்புள்ளிகளாக ஒரு படமும் இருக்கும். அதைப் பகிர்கிறவர்களில் பலர் "பருந்துகள் பெருகிவிட்டன" என்று எழுதுவார்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் எண்ணிக்கை பாதியானால், "இனமே அழிகிறது" என்று அதே வேகத்தில் எழுதுவார்கள். இரண்டு முடிவுமே தவறாக இருக்க வாய்ப்பு உண்டு. வெயிலில் நின்று எண்ணியவர்களின் கணக்கில் கோளாறு ஏதும் இல்லை. அந்தக் கணக்கு எதை அளக்கிறது என்று கேட்காமலேயே நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம், அவ்வளவுதான்.

அறிவியலில் இவ்வளவு பொறுமையோடு, இவ்வளவு எளிய கருவிகளைக் கொண்டு நடக்கும் வேலைகள் குறைவு. அதன் பலன் தப்பாகப் படிக்கப்படுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் அடியிலிருந்து இந்த விளக்கம்.

பாலத்தின் மேல் நின்று வண்டி எண்ணுவது

நெடுஞ்சாலையின் குறுக்கே ஒரு பாலம். அதன் மேல் நின்று, கீழே போகும் வண்டிகளைக் காலை எட்டு மணி முதல் மாலை நான்கு மணி வரை எண்ணுகிறீர்கள். நாட்டில் மொத்தம் எத்தனை வண்டிகள் இருக்கின்றன என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அதே பாலம், அதே மாதங்கள், அதே நேரம் என்று முப்பது ஆண்டுகள் விடாமல் எண்ணினால், போக்குவரத்து கூடுகிறதா குறைகிறதா, லாரி பெருகுகிறதா பேருந்து குறைகிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

பருந்துக் கணக்கும் இதேதான். எண்ணுபவர் பறவைகளைத் தேடிப் போவதில்லை. அவை கடந்து போகும் ஓர் இடத்தில் நின்று, கடப்பவற்றை எண்ணுகிறார்.

வடக்கே கோடையில் குஞ்சு பொரித்த பறவைகள், குளிர் நெருங்கும்போது உணவு கிடைக்கும் தெற்கு நிலங்களுக்குப் போகின்றன. ஆண்டுதோறும் நடக்கும் இந்தப் பயணம்தான் வலசை. பருந்து, கழுகு, வல்லூறு, வைரி, பூனைப்பருந்து போன்ற வேட்டைப் பறவைகளின் வலசை பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் வரை நீளும். ஒவ்வோர் இனத்துக்கும் அதற்கென்று தனி வாரம் உண்டு. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அகன்ற இறக்கைப் பருந்துகள் செப்டம்பர் நடுவில் சில நாட்களுக்குள் கூட்டமாகக் கடந்துவிடும். பொன்னிறக் கழுகைப் பார்க்க அக்டோபர் கடைசி வரை காத்திருக்க வேண்டும்.

வேட்டைப் பறவைகளைக் கூடுகளில் போய் எண்ணுவது ஏன் சரிப்படாது என்றும் சொல்லிவிடுகிறேன். இவை நெருக்கமாக வாழ்வதில்லை. ஒரு ஜோடிக்கே சதுர கிலோமீட்டர் கணக்கில் இடம் தேவைப்படும். பல இனங்கள் ஆள் நடமாட்டமில்லாத வடக்குக் காடுகளில், மர உச்சிகளின் இலைமறைவில் கூடு கட்டுகின்றன. பரந்து கிடக்கும் இவை ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு குறுகிய பாதையில் வந்து சேர்கின்றன. அந்த வாய்ப்பைத்தான் எண்ணுபவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

ஏன் ஒரே வழியில் குவிகின்றன?

வானம் திறந்து கிடக்கும்போது எதற்காகக் குறுகிய பாதையில் போக வேண்டும்? விடை காற்றில் இருக்கிறது.

இறக்கை அடித்துப் பறப்பது செலவு மிகுந்த வேலை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டரை அப்படியே கடக்க ஒரு கனத்த பருந்துக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே அது காற்றின் ஏற்றத்தைக் கடன் வாங்குகிறது. சூரியன் ஏறியதும் நிலம் சூடாகி, அதை ஒட்டிய காற்றும் சூடாகி, லேசாகி மேலே எழுகிறது. தூண்போல எழும் இந்தச் சூடான காற்றுக்குத் தெர்மல் என்று பெயர். பருந்து இறக்கையை அகல விரித்து அதற்குள் வட்டமடித்தால், இறக்கை அடிக்காமலே நூற்றுக்கணக்கான மீட்டர் மேலே போய்விடும். உச்சியில் ஏற்றம் தளர்ந்ததும் வட்டத்தை விட்டு வெளியேறி, இறக்கையைச் சற்றே பின்னிழுத்து, தெற்கு நோக்கிச் சறுக்கும். உயரத்தைக் கொடுத்துத் தூரத்தை வாங்குகிறது என்று சொல்லலாம். உயரம் தீரும் முன் அடுத்த தெர்மலைப் பிடித்துவிட வேண்டும்.

இன்னொரு ஏற்றமும் உண்டு. நீண்ட மலைத்தொடரின் பக்கவாட்டில் காற்று மோதும்போது, போக வழியில்லாமல் சரிவோடு மேலே திரும்புகிறது. அந்தச் சரிவுக் காற்றின் மேல் அமர்ந்துகொண்டால் மலைத்தொடர் நீளும் வரை பறவை வழுக்கிக்கொண்டே போகலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், கிட்டடின்னி மலைத்தொடரில் உள்ள ஹாக் மவுன்டன் என்ற எண்ணும் இடம் இதனால்தான் பெயர் பெற்றது.

மூன்றாவது காரணம் தண்ணீர். பகலில் கடற்பரப்பு நிலத்தைப்போலச் சூடாவதில்லை. அதன் மேல் வலுவான தெர்மல் எழுவதில்லை. நடுக்கடலில் உயரம் தீர்ந்துபோனால் இறங்க இடமில்லை. எனவே அகன்ற இறக்கை கொண்ட பறவைகள் கடலைச் சுற்றிக்கொண்டு, நிலம் குறுகும் இடங்களில் நெருக்கியடித்துக் கடக்கின்றன. மெக்சிகோவின் வெராக்ருஸில் ஒரு பக்கம் மலை, மறு பக்கம் மெக்சிகோ வளைகுடா. இடைப்பட்ட சமவெளி வழியாக ஓர் இலையுதிர் காலத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வேட்டைப் பறவைகள் கடக்கின்றன. ஜார்ஜியா நாட்டின் பத்தூமியில் கருங்கடலுக்கும் காகசஸ் மலைக்கும் நடுவே 10 லட்சத்துக்கும் மேல். ஸ்பெயினையும் மொராக்கோவையும் பிரிக்கும் ஜிப்ரால்டர் நீரிணை, ஸ்வீடனின் தென்மேற்கு முனையான ஃபால்ஸ்டர்போ, தாய்லாந்தின் சும்போன் பகுதியில் இருக்கும் காவோ டின்சோர் குன்று எல்லாம் இந்த வகைதான்.

விதிவிலக்கு முக்கியம். வல்லூறுகளும் பூனைப்பருந்துகளும் விரால் அடிப்பானும் இறக்கை அடித்துப் பறக்கத் தயங்காதவை, கடலையும் கடந்துவிடும். நாகாலாந்தில் லட்சக்கணக்கில் தங்கிச் செல்லும் அமூர் வல்லூறு அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போகிறது. இத்தகைய இனங்கள் குறுகிய பாதையில் அவ்வளவு குவிவதில்லை. ஒரே இடத்தின் கணக்கு ஓர் இனத்தைப் பற்றி நிறையவும் இன்னொன்றைப் பற்றிக் கொஞ்சமாகவும் சொல்வது இதனால்தான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பரந்து வாழும் பறவைகளைக் காற்றும் மலையும் கடலும் சேர்ந்து ஒரு பாதையில் திரட்டுகின்றன, மனிதர் அந்தப் பாதையின் மேல் நின்று எண்ணுகிறார்.

எண்ணுபவர் என்ன செய்கிறார்?

ஒரு பைனாகுலர், முக்காலியில் ஒரு தொலைநோக்கி, கட்டைவிரலால் அழுத்த அழுத்த எண் கூடும் சின்னக் கிளிக்கர், மணிக்கு ஒரு வரி நிரப்ப ஒரு படிவம். கருவிகள் இவ்வளவே.

முதல் சிக்கல், பறவையைக் கண்டுபிடிப்பது. மேகமே இல்லாத நீல வானம் நமக்கு அழகு. எண்ணுபவருக்கு அதைப்போலக் கஷ்டம் வேறில்லை. கண் நிலைத்து நிற்க எதுவும் இல்லாததால், தலைக்கு மேலே நூறு பறவைகள் போனாலும் தவறிவிடும். வெள்ளை மேகம் பின்னணியாக வந்தால் புள்ளிகள் பளிச்சென்று தெரியும். ஆகவே வானத்தைக் கண்போன போக்கில் பார்ப்பதில்லை. பைனாகுலரால் அடிவானத்திலிருந்து மேலே, இடமிருந்து வலமாக, பட்டை பட்டையாகத் துழாவுகிறார்கள். ஹாக் மவுன்டனில் எதிரே தெரியும் குன்றுகளுக்கு எண் வைத்திருக்கிறார்கள். "நாலாம் எண்ணுக்கு மேலே ஒன்று" என்று ஒருவர் குரல் கொடுத்தால் எல்லாருடைய பைனாகுலரும் அங்கே திரும்பும். ஒரு கம்பத்தின் மேல் பொம்மை ஆந்தை ஒன்றையும் நட்டு வைப்பார்கள். ஆந்தையைப் பகையாக நினைக்கும் வைரிகள் அதை விரட்டக் கிட்டே பாயும். அந்த இரண்டு நொடியில் இனம் தெளிவாகிவிடும்.

இரண்டாவது சிக்கல், இனம் அறிவது. வண்ணமும் இறகுக் கோடுகளும் அந்தத் தூரத்தில் தெரியாது, தெரிவது நிழலுருவம்தான். அகன்ற இறக்கையும் விசிறி வாலும் இருந்தால் பருந்து வகை. குட்டை இறக்கை, நீண்ட வால், நாலைந்து முறை படபடத்துவிட்டு ஒரு சறுக்கல் என்றால் வைரி. கூர்மையான நுனி கொண்ட இறக்கை வல்லூறுக்கு. இறக்கையை ஆங்கில எம் எழுத்துபோல மடித்துப் பறப்பது விரால் அடிப்பான். வெண்தலைக் கழுகு பலகைபோல இறக்கையைத் தட்டையாக வைத்திருக்கும்; டர்க்கி வல்ச்சர் என்ற பாறு இறக்கையை வி வடிவில் தூக்கி வைத்து இப்படியும் அப்படியும் ஆடும். எதுவென்று உறுதியாகத் தெரியாவிட்டால் "இனம் தெரியாத வைரி" என்றே பதிய வேண்டும். இந்த நேர்மைதான் தொடக்கக்காரர் முதலில் கற்க வேண்டியது என்பேன். ஊகத்தில் எழுதிய ஓர் இனப்பெயர் பின்னாளில் கணக்கை அலசுபவரை ஏமாற்றிவிடும்; "தெரியாது" என்று எழுதியது ஏமாற்றாது.

மூன்றாவதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி: ஆயிரம் பறவைகள் வட்டமடிக்கும்போது எப்படி எண்ணுவது? ஒரே தெர்மலில் கூட்டமாகச் சுழலும் பறவைகளைக் கெட்டில் என்கிறார்கள். அது சுழலும்போது யாராலும் எண்ண முடியாது, எண்ணவும் கூடாது. காத்திருக்க வேண்டும். கீழே இன்னும் புதுப் பறவைகள் சேர்ந்துகொண்டிருக்கும்போதே, உச்சியில் இருக்கும் ஒன்று வட்டத்தை விட்டு நழுவி நேர்கோட்டில் சறுக்கத் தொடங்கும். அதன் பின்னால் இன்னொன்று, பிறகு நாலைந்து, பிறகு நூல் பிடித்ததுபோல ஒரு நீண்ட வரிசை. அப்போது வானத்தில் ஒரு கற்பனைக் கோட்டை வைத்துக்கொண்டு, அதைத் தாண்டுபவற்றை மட்டும் கிளிக்கரில் அழுத்துகிறார்கள். வரிசை அடர்த்தியாகிவிட்டால் முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து பைனாகுலரில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனத்தில் பதித்துக்கொண்டு, பத்துப் பத்தாக அழுத்துவார்கள்.

ஒரே பறவை இரண்டு முறை எண்ணப்படாதா என்றால், அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். அந்த மலையிலேயே வாழும் உள்ளூர்ப் பருந்து இங்கும் அங்கும் வேட்டையாடித் திரியும். அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. திசை மாறாமல் கோட்டைத் தாண்டிப் போவதுதான் சேரும். பத்தூமியில் இரண்டு குன்றுகளில் ஒரே நேரத்தில் எண்ணுகிறார்கள். எந்தக் கூட்டம் யாருடைய கணக்கு என்று ரேடியோவில் பேசிக்கொள்கிறார்கள்.

நேற்று ஆயிரம், இன்று பத்து

ஒரு நாள் எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதற்குக் காரணம் வானிலை. மழையும் மூடுபனியும் இருந்தால் பருந்துகள் மரத்தில் உட்கார்ந்தே நாளைக் கழிக்கும். மூன்று நாள் மழைக்குப் பின் வானம் தெளிந்தால், மூன்று நாள் பறவைகளும் ஒன்றாகக் கிளம்பும். வட அமெரிக்காவின் கிழக்கில், வடக்கிலிருந்து குளிர்ந்த காற்றுத் திரள் வந்து மழையைத் துடைத்துவிட்டுப் போன மறுநாள்தான் திருவிழா. அப்போது வீசும் வடமேற்குக் காற்று கிட்டடின்னி மலையில் மோதிச் சரிவுக் காற்றைக் கொடுக்கும். நியூஜெர்சியின் கேப் மே முனையிலோ பறவைகளைக் கடற்கரையை நோக்கித் தள்ளும்.

ஆச்சரியமான ஒன்று: பறப்பதற்கு மிக நல்ல நேரமே எண்ணுவதற்கு மோசமான நேரமாகலாம். நடுப்பகலில் தெர்மல் உச்ச வலுவோடு இருக்கும்போது பறவைகள் கண்ணுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். படிவத்தில் அந்த ஒரு மணி நேரம் வெறுமையாகத் தெரியும். வானம் வெறுமையாக இருந்ததா, நம் கண்தான் எட்டவில்லையா என்று அந்த எண் மட்டும் சொல்லாது. அதனால்தான் ஒவ்வொரு மணிக்கும் காற்றின் திசை, வேகம், வெப்பம், மேகம், பார்வை எட்டும் தூரம், எத்தனை பேர் எண்ணினார்கள் என்பதையும் பதிகிறார்கள். புதிதாக வருபவர்களுக்கு இது வெற்று எழுத்து வேலையாகத் தோன்றும். என் பார்வையில் படிவத்தின் உயிரே அந்தப் பகுதிதான்.

எண்ணிக்கை எப்படிக் குறியீட்டெண் ஆகிறது

கடந்து போன எல்லாப் பறவைகளையும் யாரும் பார்ப்பதில்லை. சில உயரத்தில் போகின்றன, சில அடுத்த பள்ளத்தாக்கு வழியே போகின்றன. ஆகவே கிடைப்பது மொத்தத் தொகை அல்ல. தொகையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் அளவை. இதற்குப் பெயர் குறியீட்டெண். விலைவாசிக் குறியீட்டெண் எல்லாக் கடைகளின் எல்லாப் பொருட்களையும் அளப்பதில்லை என்றாலும் விலை ஏறுவதைக் காட்டிவிடுகிறது அல்லவா, அதே பொருள்தான்.

குறியீட்டெண் செல்லுபடியாக ஒரு நிபந்தனை: உழைப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும், அல்லது எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு கணக்குக்கு, முதல் ஆண்டு 100 மணி நேரம் நின்று 2,000 பறவைகள் எண்ணினார்கள் என்று வைப்போம். அடுத்த ஆண்டு ஆர்வலர்கள் கூடி 200 மணி நேரம் நின்று 3,000 எண்ணினார்கள். "ஆயிரம் கூடிவிட்டது" என்று செய்தி வரும். மணிக்கு எத்தனை என்று வகுத்தால் முதல் ஆண்டு 20, அடுத்த ஆண்டு 15. நின்ற நேரம் குறிப்பிடாத எண்ணை நான் நம்புவதில்லை.

இந்தப் பகுதியின் சாரம்: ஒரு நாள் எண் வானிலையைச் சொல்கிறது, ஓர் ஆண்டின் எண் அந்தப் பருவத்தைச் சொல்கிறது, ஒரே முறையில் எடுத்த பல ஆண்டுக் கணக்குதான் பறவையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது.

இளம் பறவைகளைத் தனியாக எண்ணியதால் தெரிந்தது

ஹாக் மவுன்டனின் கதை துப்பாக்கியில் தொடங்குகிறது. 1930-களின் தொடக்கத்தில் அந்த முகட்டுக்கு வேட்டைக்காரர்கள் இலையுதிர் காலத்தில் கூடி, கடந்து போகும் பருந்துகளைப் பொழுதுபோக்காகச் சுட்டுத் தள்ளினார்கள். கோஷாக் என்ற பெரிய வைரியைக் கொன்றால் பென்சில்வேனியா அரசு 5 டாலர் பரிசே கொடுத்தது. 1934-இல் ரோசாலி எட்ஜ் என்ற பெண்மணி அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் புரூன் என்பவரைக் காவலராக வைத்தார். சுடுபவர்களைத் தடுக்க நின்ற புரூன், நின்ற இடத்தில் எண்ணவும் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சில ஆண்டுகள் நின்றதைத் தவிர அந்தக் கணக்கு இன்று வரை தொடர்கிறது.

வெண்தலைக் கழுகின் இளம் பறவை முழுக்கப் பழுப்பாக இருக்கும். தலையும் வாலும் வெளுக்க ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆகும். ஆகவே தூரத்திலிருந்தே வயது பிரித்துப் பதியலாம். 1935 முதல் 1939 வரை புரூன் எண்ணிய வெண்தலைக் கழுகுகளில் 40 சதவீதம் இளம் பறவைகள். 1955 முதல் 1959 வரை அது 20 சதவீதமானது. 1957-இல் 32 வளர்ந்த கழுகுகளுக்கு ஒரே ஒரு இளம் கழுகு.

மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இது பிடிபட வெகு காலம் ஆகியிருக்கும். வளர்ந்த கழுகு இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. ஒரு குஞ்சுகூடப் பிழைக்காவிட்டாலும் வானத்தில் கழுகு தென்பட்டுக்கொண்டே இருக்கும். டிடிடி பூச்சிக்கொல்லி உணவுச் சங்கிலி வழியே கழுகின் உடலில் சேர்ந்து முட்டை ஓட்டை மெலிதாக்கியது, அடைகாக்கும்போதே முட்டைகள் நொறுங்கின என்பது பின்னர் தெளிவானது. 1962-இல் அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சன் பூச்சிக்கொல்லிகளுக்கு எதிராக எழுதியபோது புரூனின் இந்தக் கணக்கும் அவருடைய சான்றுகளில் ஒன்று. அமெரிக்காவில் 1972-இல் டிடிடி தடை செய்யப்பட்டது. 2007-இல் வெண்தலைக் கழுகு ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்படும் அளவுக்கு மீண்டது. கையில் பைனாகுலரோடு பாறையில் உட்கார்ந்திருந்தவர், எதற்குப் பயன்படும் என்று தெரியாமலே வளர்ந்தது, இளையது என்று பிரித்து எழுதிவைத்த குறிப்பு இது.

எண் குறைந்தால் பறவை குறைந்ததா?

பாலத்துக்குத் திரும்புவோம். ஊருக்கு வெளியே ஒரு புறவழிச் சாலை திறந்துவிட்டால், பாலத்தின் கீழே வண்டிகள் குறையும். வண்டிகள் எங்கும் போய்விடவில்லை.

வட அமெரிக்காவின் கிழக்கில் செவ்வால் பருந்துகளின் வலசை எண்ணிக்கை பல இடங்களில் குறைந்தது. அதே காலத்தில், வடக்குப் பகுதிகளின் குளிர்காலக் கணக்குகளில் அவை கூடின. குளிர்காலம் மிதமாகும்போது சில பறவைகள் முன்போல வெகுதூரம் தெற்கே வருவதில்லை, வழியிலேயே தங்கிவிடுகின்றன. எண்ணும் குன்று அவை நிற்கும் இடத்துக்குத் தெற்கே இருந்தால், அங்கே எண் சரியும். இதைக் குறுகிய வலசை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒவ்வொரு சரிவையும் இப்படி விளக்கித் தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்கக் கெஸ்ட்ரல் என்ற சிறு வல்லூறு வலசைக் கணக்குகளிலும் குறைந்திருக்கிறது, இனப்பெருக்கக் காலக் கணக்குகளிலும் குறைந்திருக்கிறது. தனித்தனியாக எடுத்த இரண்டு கணக்குகள் ஒரே திசையைக் காட்டும்போது கவலைப்பட வேண்டியதுதான். ஆகவே ஆய்வாளர்கள் ஒரு குன்றின் எண்ணைத் தனியே படிப்பதில்லை. பல குன்றுகளின் பல ஆண்டுகள், கூடு கட்டும் காலத்துக் கணக்கு, குளிர்காலக் கணக்கு, சில பறவைகளின் முதுகில் பொருத்திய செயற்கைக்கோள் கருவி காட்டும் பாதை என எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

அடுத்த முறை "ஒரே நாளில் ஒரு லட்சம்" என்ற செய்தி வந்தால் கேட்க வேண்டியவை சில உண்டு. எந்த இடத்தில், எத்தனை மணி நேரம், எத்தனை பேர் நின்றார்கள்? அதற்கு முந்தைய நாட்களில் மழையா? எந்த இனம், அதில் இளம் பறவைகள் எத்தனை? அதே வாரத்தில் போன ஆண்டுகளின் கணக்கு என்ன? நல்ல எண்ணும் நிலையங்கள் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தங்கள் தினசரிப் படிவத்திலேயே பதிந்து வைத்திருக்கும். தலைப்பு எண்ணை விட்டுவிட்டு அந்தப் படிவத்தைத் தேடிப் படியுங்கள்.